ஒன்பது அங்குலச் சந்தேகம்: பழைய வீட்டுத் தரைகளும் கல்நார்ச் சோதனையும்

1. கேள்வி

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் 1950-களிலும் 60-களிலும் கட்டப்பட்ட ஒற்றைத்தள வீடுகள் தெருத்தெருவாக இன்னும் நிற்கின்றன. அவற்றில் பல இன்று தமிழர் வீடுகள். வீடு கைக்கு வந்ததும் பெரும்பாலும் முதலில் கைவைக்கப்படுவது பேஸ்மென்ட். வாடகைக்கு விட்டால் மாதத் தவணைக்கு உதவும், அல்லது ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்கிக்கொள்வார்கள். பழைய கார்ப்பெட்டை உரித்தால் அடியில் மங்கிய பச்சையிலோ மண் சிவப்பிலோ சிறு சதுர டைல்கள் தெரியும். ஓரத்தில் ஒன்று பெயர்ந்திருந்தால் அதற்கும் கீழே கறுப்புப் பசை, சீப்பால் வாரியது போன்ற கோடுகளோடு சிமெண்டில் ஒட்டிக் கிடக்கும்.

அந்த டைலிலும் பசையிலும் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், இருக்கக்கூடும் என்பது இன்று பரவலாகத் தெரிந்த செய்தி. இருக்கிறதா இல்லையா என்பதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதில்தான் குழப்பம். டைலின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்கள் வேலைக்காரர்கள். ஆய்வகம் விழுக்காட்டில் பதில் தருகிறது. சட்டம் அந்த விழுக்காட்டை ஓர் எல்லைக்கோட்டோடு ஒப்பிடுகிறது. இந்த மூன்று தீர்ப்புகளும் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கண், நுண்ணோக்கி, சட்டம் ஆகிய மூன்றும் தத்தம் ஆற்றல் எங்கே முடிகிறதோ அங்கேதான் கோடு கிழித்திருக்கின்றன. ஆபத்து தொடங்கும் இடத்தில் அல்ல. என் வாதம் இதுதான்.

2. தரைக்குள் கல்நார் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்க வீடுகளின் மலிவான தரைவிரிப்பு லினோலியம். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் குழைத்துத் துணியின் மேல் பரப்பிச் செய்யப்பட்டது. அடுக்களைக்கு அது போதும். மண்ணோடு ஒட்டிய சிமெண்ட் தளத்துக்கு ஆகாது. சிமெண்டின் காரமும் கீழிருந்து ஏறும் ஈரமும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். இந்த இடத்தை நிரப்பியது தார் டைல். தாரோடு சுண்ணாம்புக்கல் தூளும் கல்நாரும் கலந்து, சூடாக உருட்டி, சதுரமாக வெட்டியது. ஈரம் அதை எளிதில் அசைக்காது. தாரைக் கரைப்பானில் இளக்கிச் செய்த கரும்பசையும் அப்படியே. பேஸ்மென்டுகளில் இந்த ஜோடி இவ்வளவு அதிகமாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் வந்தபோது தார் டைலுக்கு யோகம் அடித்தது. நியூயார்க் மாநிலத்தின் லெவிட்டவுனில் 1947-க்கும் 1951-க்கும் இடையே எழுந்த 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் நிலவறையே கிடையாது. தரையோடு வார்த்த சிமெண்ட் பலகை, அதற்குள் வெந்நீர்க் குழாய்கள், மேலே தார் டைல். கனடாவின் புறநகர்கள் பேஸ்மென்டைக் கைவிடவில்லை என்றாலும் தரையில் ஒட்டிய சரக்கு அதே இனம்தான்.

தாரின் குறை அதன் நிறம். கறுப்பும் கபிலமும் கருஞ்சிவப்பும் எளிதில் வரும். வெளிர் நிறம் வராது. வினைல் பிசின் அந்தக் குறையைத் தீர்த்தது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே வினைல் தரை காட்சிக்கு வந்துவிட்டது. ஆனாலும் சந்தையைப் பிடித்தது போருக்குப் பிறகு, 1950-களில். பிசின் மாறியது, கல்நார் மாறவில்லை. டைல் சுருங்காமலும் வளையாமலும் விரிசல் விடாமலும் இருக்க அந்த நார் தேவைப்பட்டது. விலையும் மலிவு.

மலிவு என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பிற்காலச் சிக்கல்கள் பலவற்றின் வேர் இதில் இருக்கிறது. கியூபெக் சுரங்கங்களில் தோண்டிய கிரிசோடைல் என்னும் வெண்கல்நாரை நார் நீளத்தை வைத்துத் தரம் பிரித்தார்கள். மேல்தரத்து நீண்ட நார் நெய்யப் போனது: தீ தாங்கும் துணி, கயிறு. நடுத்தரம் சிமெண்ட் கூரைத் தகட்டுக்கும் குழாய்க்கும் போனது. ஏழாம் தரம் என்ற கீழ் வகையில் சேர்ந்தது ஆலையில் மிஞ்சிய குட்டை நாரும் பறக்கும் தூசும். நெய்ய முடியாத, வேறெதற்கும் பெரிதாக உதவாத இந்தச் சரக்குக்குப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் தரை டைல் உற்பத்தியாளர். அதாவது நம் காலடியில் கிடப்பது அந்தச் சுரங்கத்தின் கழிவுக்குப் பக்கத்துத் தரம்.

அதே கியூபெக்கில் 1949 பிப்ரவரியில் அஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் கொண்ட ஊரிலும் தெட்ஃபோர்ட் மைன்ஸிலும் சுமார் 5,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று ஆலைத் தூசியை ஒழிப்பது. கனடா வரலாற்று நூல்கள் இந்தப் போராட்டத்தை அரசியல் திருப்புமுனையாக விரிவாகப் பேசுகின்றன. அந்தத் தூசு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பேசுவது குறைவு. கனடாவின் கடைசிக் கல்நார்ச் சுரங்கங்களில் வேலை 2011-இல் நின்றது. கல்நாரையும் கல்நார்ப் பொருள்களையும் தடைசெய்யும் கூட்டாட்சி விதிகள் 2018 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்தன. 2020-இல் அந்த ஊர் தன் பெயரையே வால்-டே-சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

டைலைவிட மோசமான உருப்படி ஒன்றும் உண்டு: சுருளாக வந்த வினைல் விரிப்பு. மேலே பார்க்க வழவழப்பான வினைல். அடியில் தாள் போன்ற மெத்தை. சில தயாரிப்புகளில் அந்த அடித்தாளில் பாதிக்கு மேல் கல்நார். டைலில் நார் பிசினுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. அடித்தாளில் அந்தக் காவல் இல்லை. விரிப்பைப் பிய்த்து இழுத்தால் தாள் இரண்டாகக் கிழிந்து, பாதி தரையிலும் பாதி விரிப்பிலுமாகப் பஞ்சு பறக்கும்.

3. கண்ணின் தீர்ப்பு

திருத்த வேலை செய்வோரிடம் புழங்கும் விதி எளியது. ஒன்பது அங்குலச் சதுரம் என்றால் கல்நார். பன்னிரண்டு அங்குலம் என்றால் பயமில்லை. முதல் பாதிக்கு ஆதாரம் வலுவானது. தார் டைல் காலத்திலும் தொடக்க வினைல் காலத்திலும் ஒன்பது அங்குலமே சந்தையின் வழக்கமான அளவு. அந்தக் காலத்துச் சரக்கில் பெரும்பகுதி கல்நார் கலந்தது. ஆகவே ஒன்பது அங்குலத்தைக் கண்டால் சந்தேகப்படுவது நியாயம்.

இரண்டாம் பாதி ஆபத்தானது. பன்னிரண்டு அங்குல டைல் சந்தைக்கு வந்த பின்னும் கல்நார் கலப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது; வட அமெரிக்காவில் அது ஓய்ந்தது 1980-களில்தான். இடைப்பட்ட காலத்துப் பன்னிரண்டு அங்குலத் தரைகள் ஏராளம். அளவு காலத்தைக் காட்டுகிறதே ஒழியக் கலவையைக் காட்டவில்லை.

பெயரும் உதவாது. ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் 1950-களில் எக்ஸலான் என்ற வினைல்-கல்நார் டைலைக் கொண்டுவந்தது. 1980-களின் தொடக்கத்தில் கல்நார் நீக்கப்பட்டது. எக்ஸலான் என்ற பெயர் தொடர்ந்தது. பரணில் கிடைக்கும் பழைய அட்டைப்பெட்டியில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முடிவு கட்டினால் இரண்டுமே தவறாகலாம்.

கரைப்பான் சோதனை என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். வெள்ளைத் துணியில் மினரல் ஸ்பிரிட் நனைத்து டைலைத் துடைத்தால் துணியில் கபிலக் கறை ஏறும். அப்படியானால் அது தார் டைல். சோதனை சரியானதே. ஆனால் அது பிசினைத்தான் அடையாளம் காட்டுகிறது. நாரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கட்டிய ஆண்டு மட்டும் ஓரளவு நம்பகமான சாட்சி, அதுவும் ஒரு திசையில் மட்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகள் 1980-க்குள் போடப்பட்ட தார், வினைல் தரைகளில் கல்நார் இருப்பதாகவே முதலில் கொள்ள வேண்டும் என்கின்றன. இல்லை என்று சொல்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமையை இப்படிப் புரட்டிப் போட்டது, என் கணிப்பில், இத்துறையில் எழுதப்பட்ட விதிகளிலேயே புத்திசாலித்தனமானது. கண்ணால் முடியாது என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

4. நுண்ணோக்கியின் எல்லை

அப்படியானால் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால் முடிந்ததா? கூரைத் தகடு, குழாய் உறை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆம். தரை டைலுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

வழக்கமான சோதனை முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் நடக்கிறது. துணுக்கைப் பிரித்து, நாரை 1.550 ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெயில் வைத்துப் பார்ப்பார்கள். கிரிசோடைல் என்றால் நார் கிடக்கும் திசைக்கு ஏற்ப நீலமும் ஊதாவுமாக நிறம் காட்டும். தேர்ந்த கண்ணுக்கு இது நம்பகமான அடையாளம். ஆனால் நாரைப் பார்க்க முடிந்தால்தானே அடையாளம்? கிரிசோடைலின் தனி இழை சில பத்து நானோமீட்டர் தடிமனே உடையது. ஒளி நுண்ணோக்கியின் கண்ணுக்கு எட்டாத நுண்மை அது. இழைகள் கற்றையாக இருந்தால் தெரியும். ஏழாம் தரத்துக் குட்டை நாரை ஆலையில் பிசினோடும் சுண்ணாம்புத் தூளோடும் சேர்த்து அரைத்து உருட்டிய பிறகு கற்றை எங்கே மிஞ்சும்? போதாததற்குப் பிசின் நாரைச் சுற்றிப் படிந்து எண்ணெயை அண்டவிடாது.

விளைவு: கல்நார் உள்ள டைலுக்கு "காணப்படவில்லை" என்ற அறிக்கை வரும் வாய்ப்பு. இது ஊகம் அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994-இல் வெளியிட்ட விளக்கத்தில், தரை டைல் ஒளி நுண்ணோக்கியில் கல்நார் அற்றதாகத் தெரிந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுமாறு பரிந்துரைத்தது. அப்படிப் பார்ப்பதற்கு முன் டைல் துணுக்கைச் சூளையில் சுட்டுப் பிசினை எரிப்பார்கள்; அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள்; எஞ்சிய வண்டலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைப்பார்கள். செலவும் காலமும் கூடுதல். அதனால் வீட்டுக்காரர் கையில் கிடைப்பது பெரும்பாலும் முதற்கட்ட அறிக்கை மட்டுமே. அறிக்கையின் கீழே சிறிய எழுத்தில் முறையின் குறை குறிப்பிடப்பட்டிருந்தாலும் அதை யார் படிக்கிறார்கள்?

எனவே ஆய்வக அறிக்கையை வாசிக்க ஒரு சமனற்ற விதி தேவை. "உண்டு" என்றால் நம்பலாம். "இல்லை" என்பது பழைய தரை டைலைப் பொறுத்தவரை எந்த நுண்ணோக்கி சொன்னது என்பதைப் பொறுத்தது.

5. நூற்றில் ஒன்று

"உண்டு" என்றாலும் எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் கல்நார்ப் பொருள் என்பது ஒரு விழுக்காட்டுக்கு மேல் கல்நார் கொண்டது. ரொறன்ரோ உள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் அரை விழுக்காடும் அதற்கு மேலும். கியூபெக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கே, அதாவது 0.1 விழுக்காடே போதும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் ஒன்ராறியோவின் வின்ட்சரையும் பிரிப்பது ஓர் ஆறு. ஒரே ஆலையில் செய்த, 0.7 விழுக்காடு கல்நார் கொண்ட பசை ஆற்றுக்கு அக்கரையில் சாதாரணப் பொருள், இக்கரையில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். கல்நாரைத் தோண்டி உலகுக்கு விற்ற மாகாணமே இன்று கடுமையான கோட்டை வைத்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய முரண்.

ஒரு விழுக்காடு எங்கிருந்து வந்தது? 1973-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெளிப்புக் கல்நாரைக் கட்டுப்படுத்தியபோது, வேண்டுமென்று கலந்ததைத் தடுப்பதும் தற்செயலாக ஒட்டிக்கொண்டதை விட்டுவிடுவதும் நோக்கமாக இருந்தன. அன்றைய அளவீட்டின் ஆற்றலுக்கும் அந்த எண் ஒத்துப்போனது. ஒரு விழுக்காட்டுக்குக் கீழே நலக்கேடு இல்லை என்ற ஆய்வு முடிவின் மேல் அது நிற்கவில்லை. 2004-இல் அதே முகமை தன் அலுவலர்களுக்கு எழுதிய குறிப்பில் இதைத் தெளிவாகவே சொன்னது. உடல்நலத்தோடு நேரடித் தொடர்பில்லாத ஓர் எண் பாதுகாப்பின் எல்லைக்கோடாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

தடைகளின் வரலாறும் ஒழுங்கானதல்ல. 1989-இல் அமெரிக்கா கல்நாரைப் படிப்படியாக ஒழிக்கும் விதியைக் கொண்டுவந்தது. 1991-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை வெட்டியது. தப்பிப் பிழைத்த சில தடைகளில் ஒன்று, மேலே சொன்ன தரை விரிப்பின் அடித்தாள்! வினைல்-கல்நார் டைல் சட்டத்தால் அல்ல, வழக்குகளாலும் சந்தையாலும் முன்பே மறைந்திருந்தது. கல்நார் டைலின் இறுதி ஆண்டு எது என்று கேட்பவர்களுக்குத் துல்லியமான விடை கிடைக்காததன் காரணம் இதுவே. கடையில் தேங்கிய பழைய சரக்கு எப்போது எந்த வீட்டில் ஒட்டப்பட்டது என்பதை எந்த அரசிதழும் பதிவுசெய்யவில்லை.

6. உடையாத வரை?

எதிர்த்தரப்பு வாதத்தை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். தரை டைல் கையால் நொறுக்கித் தூளாக்க முடியாத பொருள். நார் பிசினில் புதைந்திருக்கிறது. நடப்பதால் அது மூச்சில் ஏறுவதில்லை. ஈரமாக்கி முழுதாக எடுத்தால் காற்றில் கலக்கும் நார் மிகக் குறைவு என்பதைப் பணியிட அளவீடுகள் காட்டியுள்ளன. ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதி இந்த அடிப்படையில்தான் வேலைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உடைக்காமல், வெட்டாமல், தேய்க்காமல் டைலை எடுப்பது முதல் வகை, அதாவது குறைந்த ஆபத்து. அதே டைலில் தூசு உறிஞ்சும் ஹெப்பா வடிகட்டி இல்லாத மின்கருவியை ஓட்டினால் நேராக மூன்றாம் வகை. பொருள் அதே, வேலை மாறியது, வகை மாறியது.

இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள். முதலாவது அளவீடு. பணியிடக் காற்றைச் சோதிக்கும் வழக்கமான முறை ஐந்து மைக்ரோமீட்டரைவிட நீண்ட நார்களை மட்டுமே எண்ணுகிறது. கால் மைக்ரோமீட்டருக்கும் மெலிந்தவை அதற்குத் தெரிவதே இல்லை. தரை டைலில் இருப்பதோ குட்டை நார். சட்டியில் இருப்பதை விட்டுவிட்டு அகப்பையில் வந்ததை மட்டும் எண்ணிய கதைதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணிக்கை கூடும்.

ஆனால் குட்டை நார் கேடு செய்யுமா? உலக வர்த்தக மையம் இடிந்த பின் எழுந்த கேள்விகளை ஒட்டி 2002-இல் அமெரிக்க நச்சுப்பொருள், நோய்ப் பதிவு முகமை வல்லுநர் குழு ஒன்றைக் கூட்டியது. ஐந்து மைக்ரோமீட்டருக்குக் குறைந்த நார்கள் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு குறைவு என்பதே குழுவின் பெரும்பான்மைக் கருத்து. மறு ஆண்டே டாட்சனும் அவர் உடன் ஆய்வாளர்களும் எழுதிய திறனாய்வு, நோயுற்ற திசுக்களில் குட்டை நார்களே மிகுதியாகக் காணப்படுவதைச் சுட்டி, எந்த நீளத்தையும் கணக்கிலிருந்து தள்ளிவிடக் கூடாது என்றது. இரு தரப்பையும் வைத்துப் பார்க்கையில் நீண்ட நாரே கூடுதல் கேடு என்பதற்குச் சான்று வலுவாக உள்ளது. குட்டை நார் கேடற்றது என்பதற்கு அதே வலு இல்லை. மேலும் ஏழாம் தரத்திலும் நீண்ட நார் சிறிதளவு கலந்தே வந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மீசோதிலியோமா என்ற நெஞ்சுறைப் புற்று தலைகாட்ட இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை ஆகலாம். அத்தனை ஆண்டு கழித்து வரும் கணக்கில் சந்தேகத்தின் பலனை நாருக்குக் கொடுப்பது எனக்கு உவப்பில்லை.

இரண்டாவது ஓட்டை, உடையாத வரை என்ற நிபந்தனையிலேயே இருக்கிறது. திருத்த வேலை என்பதே உடைப்புதான். டைல் எளிதாகப் பெயர்ந்தாலும் கரும்பசை பெயராது. புதிய பசை பழைய பசையில் பிடிக்காது என்று வேலைக்காரர் அரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவருவார். பிசினுக்குள் நிம்மதியாக உறங்கிய நார் அப்போது அறையெங்கும் பறக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தால் குழாய்வழியே மாடிப் படுக்கையறைக்கும் போகும். அமெரிக்கத் தரைவிரிப்பு உற்பத்தியாளர் சங்கத்தின் வேலைமுறைக் கையேடே உலர்ந்த நிலையில் பெருக்காதே, சுரண்டாதே, தேய்க்காதே, அறுக்காதே, பொடியாக்காதே என்று பட்டியல் போடுகிறது. சரக்கை விற்றவர்களே சொல்லும் எச்சரிக்கை இது.

7. அடுக்குகளும் மாதிரியும்

பழைய தரை ஒரே பொருள் அல்ல; மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டிய படிவு. ஓர் அடுக்களையில் மேலே 1990-களின் வினைல். அடியில் மெல்லிய ஒட்டுப்பலகை. அதற்கும் கீழே 70-களின் சுருள் விரிப்பு, அதன் அடித்தாள், அதன் பசை. கடைசியில் மூல மரத்தரையும் அதன் மேல் ஆணியடித்த தார்த்தாளும். மேலடுக்கைச் சோதித்துவிட்டு "தரை சுத்தம்" என்று அறிவிப்பதுதான் நடைமுறையில் மிக அதிகமாக நேரும் பிழை. டைலில் இல்லாமல் பசையில் மட்டும் கல்நார் இருப்பது அரிதான செய்தி அல்ல. டைலும் பசையும் தனித்தனி மாதிரிகளாகவே போக வேண்டும். ஒவ்வொரு வகைப் பொருளிலும் மூன்று மாதிரிகள் என்பது தரைப் பொருள்களுக்கு ஒன்ராறியோ விதி வைத்திருக்கும் கணக்கு.

மாதிரி எடுப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே நல்லது. அவர் செய்வதை அருகிலிருந்து கவனித்தால் இந்த வேலையின் தர்க்கம் புரியும். முதலில் ஃபர்னஸை அணைப்பார். குளிர்பதனப் பெட்டிக்குப் பின்புறமோ அலமாரிக்குள்ளோ கண்ணில் படாத மூலையைத் தேர்ந்து, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் விரிப்பார். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த நீரை அந்த இடத்தில் தெளிப்பார். சோப்பு சேர்ந்தால் நீர் வழிந்தோடாமல் உள்ளே ஊறும். முகத்தில் சாதாரணத் துணி முகக்கவசம் இருக்காது; பி-100 வடிகட்டி பொருத்திய ரப்பர் கவசம் இருக்கும். ஏற்கெனவே பெயர்ந்த டைலின் ஓரத்தில் கத்தியை வைத்து ஓர் அங்குலத் துணுக்கை நிமிண்டி எடுப்பார். வெட்டுவாயைப் பார்த்தால் மேலே உள்ள பளிங்குக் கோடுகள் அடிவரை ஓடுவது தெரியும். நிறம் மேற்பூச்சு அல்ல. ஆனால் நார் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. துணுக்கு ஒரு ஜிப் பையில், அந்தப் பை இன்னொரு பையில். பசையை வேறு கத்தியால் சுரண்டி வேறு பையில். வெட்டிய இடத்தை ஈரத்தாளால் துடைத்து மேலே ஒட்டுநாடா. பையின் மேல் அறையின் பெயர், எத்தனையாவது அடுக்கு, தேதி.

இதில் எந்தப் படியும் கடினமானது அல்ல. கடினமானது வரிசை: விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே மாதிரி போக வேண்டும். பாதி தரையைப் பெயர்த்த பிறகு வரும் அறிக்கை சோதனை அல்ல, பிரேதப் பரிசோதனை.

8. கல்நார் மட்டுமா?

பிறவற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பழைய மரத்தரையில் பூசிய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டு வண்ணத்தில் ஈயத்தைத் தடுத்தது 1978-இல். தரையில் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது கல்நாரைவிட உடனடியான கவலை, ஏனெனில் ஈயத்தூசியின் விளைவுக்கு இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பழைய வார்னிஷும் குற்றமற்றதல்ல. மசாசூசெட்ஸின் கேப் காட் பகுதி வீடுகளை ஆராய்ந்த சைலன்ட் ஸ்பிரிங் நிறுவனத்தினர், 1950-60-களில் பூசிய ஃபேபுலான் என்ற மரத்தரை மெருகில் இருந்த பி.சி.பி. வேதிப்பொருள் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்த வீடுகளின் காற்றிலும் தூசியிலும் குடியிருந்தோர் இரத்தத்திலும் மிகுந்திருப்பதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2008-இல் எழுதினர். மரத்தரையைத் தேய்த்துப் புதுப்பிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. வினைல் இல்லை என்பதால் கவலை இல்லை என்று ஆகிவிடாது.

9. சட்டம் கண்ணை மூடும் வீடு

மிகப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிக் காற்றுமாசு விதியின் கல்நார்ப் பகுதி நான்கும் அதற்குக் குறைவுமான குடியிருப்புகள் கொண்ட வீடுகளை விலக்கிவைக்கிறது. ஒன்ராறியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தன் சொந்த வீட்டில் தானே செய்யும் வேலைக்குப் பொருந்தாது. கொள்கை புரிகிறது: இவை தொழிலாளரையும் பொதுக்காற்றையும் காக்க வந்த சட்டங்கள். ஆனால் கல்நார்த் தரையை உலர்ந்த நிலையில் சுரண்ட அதிக வாய்ப்புள்ளவர் யார்? முகக்கவசம் இல்லாமல், வார இறுதியில், பிள்ளைகள் மேலே இருக்க, தன் வீட்டைத் தானே திருத்துபவர்தான்.

தமிழர் வீடுகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வேலைக்கு வருபவர் "தெரிந்த அண்ணை". கைக்காசு, ரசீது கிடையாது. சட்டத்தின் பார்வையில் கூலிக்கு வரும் அவர் தொழிலாளர். அவர் வந்த கணமே வீட்டுக்காரருக்கு இருந்த விலக்கு அந்த வேலைக்கு இல்லாமல் போகிறது. இருவருக்குமே இது தெரிவதில்லை. தெரிந்தாலும் உறவுமுறையில் "சோதனை அறிக்கை எங்கே" என்று கேட்கும் வாய் வராது.

கல்நாரைப் பற்றிய நம் பொது அறிவும் கூரையோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அது தலைக்கு மேல் இருக்கும் நெளிதகடு. இலங்கை 2018-இல் கல்நார் இறக்குமதியைத் தடைசெய்யவிருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா பூச்சியைக் காரணம் காட்டி இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் கல்நார்த் தடை தள்ளிப்போடப்பட்டது. நம் செய்தித்தாள்கள் கல்நாரைப் பேசியது அப்படியான தருணங்களில்தான். சிவப்புச் சிமெண்டிலும் மொசைக்கிலும் நடந்து பழகிய கால்களுக்குத் தரையில் கல்நார் என்ற எண்ணமே புதிது.

மூடிவிடுவது பற்றி ஒரு சொல். டைல் முழுதாக, இறுக்கமாக இருந்தால் அதை அசைக்காமல் மேலே மிதவைத் தரை போடுவது ஏற்கத்தக்க தீர்வு. பெரும்பாலான பேஸ்மென்டுகளுக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே. அப்போது சோதனை கூடத் தேவையில்லை, கல்நார் உண்டு என்றே கொண்டு வேலையைத் திட்டமிடலாம். பெயர்த்தெடுக்கத்தான் வேண்டும் என்றாலோ, குழாய் பதிக்கச் சிமெண்டை வெட்ட வேண்டும் என்றாலோ, சோதனையைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் மூடுபவர் ஒன்றைச் செய்தாக வேண்டும்: எந்த அறையில், எத்தனை அடுக்குக்குக் கீழே, என்ன தரை கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வீட்டுப் பத்திரங்களுடன் வைக்க வேண்டும். 70-களில் ஒன்பது அங்குல டைலின் மேல் கார்ப்பெட் போட்டவர் அதை எழுதி வைத்திருந்தால் இன்று வாங்கியவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் அந்தத் தாளின் ஒரு நகல் சேர வேண்டும், ஏனெனில் அலமாரியைப் பொருத்தத் தரையில் துளை போடப் போகிறவர் அவர்தான்.